மூன்று கட்டத்திலும் சந்தனம்

செப்டம்பர் 22, திங்கள்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், "உங்கள் ஆட்களுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா, டீ கிளாஸ் பிடிக்க மட்டும்தான் தெரியுமா" என்று கேட்டிருந்தேன். அது தப்பாம். மனிதவளப் பிரிவு அம்மையார் என்னை உட்காரவைத்து, "கோபம் வந்தா உடனே அனுப்பாதீங்க கபிலன். முதல்ல ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார். நோட்டையும் அவரே கொடுத்தார். அட்டையில் ஏதோ மாத்திரை விளம்பரம். இதயத்துக்கு நல்லதாம்.

ஒருநாள் இதை அவர் கேட்டு வாங்கிப் படிப்பார் என்று நினைக்கிறேன். படிக்கட்டும். அவருக்காக முன்கதை: ஈரோட்டில் எட்டு மாடி மருத்துவமனை. நான் இங்கே பராமரிப்பு எஞ்சினீயர். லிப்ட், ஜெனரேட்டர், ஏசி, தீயணைப்பு பம்பு என்று மொத்தம் 212 இயந்திரங்கள். ஒன்றின் மேலும் நாங்கள் கை வைப்பதில்லை. எல்லாம் ஒப்பந்தத்தில். ஆறு ஒப்பந்ததாரர்கள், அவர்களுக்குக் கீழே அவர்களுடைய ஆட்கள். வந்தார்களா, வேலை செய்தார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை.

நான் வரும்போது அதற்கு ஒரு பேரேடு இருந்தது. மூன்று மாதக் கையெழுத்தை ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மென்பொருளைக் கொண்டுவந்தேன். ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர். மாதம் பிறந்ததும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு டிக்கெட், அதாவது வேலைச் சீட்டு, தானாகத் திறக்கும். மெக்கானிக் வந்து, வேலையை முடித்து, அந்த ஸ்டிக்கரைத் தன் செல்போனில் ஸ்கேன் செய்தால்தான் டிக்கெட் மூடும், திரையில் பச்சையாகும். நேரில் வராமல் மூட முடியாது.

கடந்த பன்னிரண்டு மாதத்தில் முடித்த வேலை 98.6 சதவீதம். அக்டோபர் 9 அன்று தரச்சான்று புதுப்பிக்கும் குழு வருகிறது. நிர்வாக மேலாளர் பத்மநாபன் சார் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறார். கீழே என் கையெழுத்து வரும்.

செப்டம்பர் 24, புதன்

குழந்தைவேல் வந்தார். நான் ஸ்பானர் பற்றிக் கேட்டது இவரிடம்தான். ஜெனரேட்டர், ஏசி, பம்பு என 38 இயந்திரங்கள் இவர் ஒப்பந்தத்தில். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். மேலாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னதால் கேட்டேன்.

"அட விடுங் தம்பி, நீங்க என்ற பையன் மாதிரி."

"முன்னாடி உங்க ஆளுங்க அஞ்சு பேர் வருவாங்க. இப்ப சென்னியப்பன் அண்ணன் ஒருத்தரைத்தான் பாக்குறேன்."

"இருக்காங் தம்பி. உங்க கண்ணுக்குத்தான் படமாட்டேங்கறாங்க. நீங்க ரூமை விட்டு வெளிய வந்தாத்தான?" சிரித்தார். "சாப்ட்வேரு என்ன சொல்லுது?"

"முடிஞ்சதுன்னு சொல்லுது."

"அப்பறம் என்ன?"

மென்பொருள் சரியாகத்தான் சொல்லும். 9ஆம் தேதிக்குள் அக்டோபர் டிக்கெட் எல்லாம் மூடியாக வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

புதன்கிழமை ஆயுத பூஜை. போன வருடம் ஒரு ஏசியின் காற்றுத் துவாரத்தில் பூசணிக்காய்த் துண்டு கிடந்தது. இந்த வருடம் சுற்றறிக்கை போட்டேன்: இயந்திரங்களின் பொத்தான், திரை, துவாரம் ஆகியவற்றில் சந்தனம், குங்குமம், பூ வைக்கக் கூடாது.

துப்புரவு மேற்பார்வையாளர் பழனாத்தாக்கா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் அறைக்கே வந்தார். பூஜை முழுக்க அவர் பொறுப்பு.

"ஏனுங் எஞ்சினீரு சார், பொத்தான்ல வெக்கக்கூடாது, திரையில வெக்கக்கூடாது. பொறவு எங்கதான் வெக்கறது? உங்க நெத்தியிலீங்களா?"

"எங்கயாவது ஓரமா வைங்கக்கா. மெஷின் கெடக் கூடாது."

"சாமிக்கு வெச்சுக் கெட்ட மெஷின் எதுங்க? ஒண்ணு காட்டுங்க."

பேசத் தொடங்கினால் முடிக்க மாட்டார். தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

212 இயந்திரங்கள். 212 ஸ்டிக்கர்கள். பொத்தானில் வைக்கவில்லை, திரையில் வைக்கவில்லை. சுற்றறிக்கையை அப்படியே மதித்து, ஒன்றுவிடாமல் கியூஆர் ஸ்டிக்கரின் மேல் வைத்திருக்கிறார்.

கியூஆர் கோடின் மூன்று மூலைகளில் மூன்று சதுரக் கட்டங்கள் இருக்கும். அந்த மூன்றையும் வைத்துத்தான் செல்போன் அதை அடையாளம் காணும். நடுவில் கொஞ்சம் அழுக்கானாலும் படிக்கும், மூலைகள் போனால் படிக்காது. பழனாத்தாக்கா ஒவ்வொரு மூலைக் கட்டத்திலும் கட்டை விரலால் ஒரு சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"மூணு கட்டம் நீங்களே போட்டு வெச்சிருக்கீங். பொட்டு வெக்கத்தான்னு நெனச்சனுங்."

கத்தவில்லை. இந்த நோட்டில் எழுதுகிறேன். ஐயோ.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. பொரி சாப்பிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் லிப்ட் ஸ்டிக்கரில் போனை நீட்டிப் பார்த்தேன். படிக்கவில்லை. ஜெனரேட்டரிலும் இல்லை. 212 ஸ்டிக்கரையும் துடைக்க ஆள் கேட்டேன். ஆயுத பூஜைப் பொட்டைத் துடைத்தால் ஆகாதாம், ஒருவரும் வரவில்லை. 9ஆம் தேதிக்குள் டிக்கெட்டுகளை எப்படி மூடுவது என்ற கவலையோடு மதியம் திரையைத் திறந்தேன்.

குழந்தைவேலின் 38 டிக்கெட்டும் மூடியிருந்தது. எல்லாம் ஸ்கேன் செய்து. எல்லாம் சென்னியப்பன் பெயரில். காலை 10.12 முதல் 10.31 வரை.

முதலில் சந்தோஷப்பட்டேன். சென்னியப்பனாவது பொட்டைத் துடைத்துவிட்டு வேலை பார்த்தாரே என்று. பாராட்டி ஒரு வரி தட்டச்சுகூடச் செய்தேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். பத்தொன்பது நிமிடத்தில் 38 இயந்திரம். அரை நிமிடத்துக்கு ஒன்று. பம்பு நிலத்தடியில், ஏசிகள் மொட்டை மாடியில்.

படியில் ஏறி இறங்கி, பூட்டிக் கிடந்த பம்பு அறை தவிர எல்லா இடத்தையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்று கட்டத்திலும் சந்தனம், காய்ந்து, விரல் ரேகை தெரிய, அப்படியே இருந்தது. ஒரு விரல்கூடப் படவில்லை.

ஸ்கேன் ஆகாத ஸ்டிக்கரை யார் ஸ்கேன் செய்தது?

அக்டோபர் 4, சனி

சென்னியப்பன் அண்ணனை மேட்டூர் ரோட்டு பேக்கரியில் பிடித்தேன். நாற்பது வயது இருக்கும். காலரில் கிரீஸ். பப்ஸைப் பாதி கடித்திருந்தார். எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன்.

"எதை வெச்சு ஸ்கேன் பண்ணீங்க?"

மறைக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன போட்டோ ஆல்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் நாலு பக்கம் அவர் மகளின் காதுகுத்து. அழுகிற குழந்தை, மாமன் மடி, மொட்டைத் தலை. ஐந்தாம் பக்கத்திலிருந்து எங்கள் கியூஆர் கோடுகள், பக்கத்துக்கு ரெண்டு, அழகாக வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள்.

"டீ ஆறங்காட்டி முடிச்சுருவனுங்" என்றார்.

"வெக்கமா இல்லீங்களா?"

"இருக்குதுங். அஞ்சு பேரு இருந்தமுங். நாலு பேரை நிறுத்திப்போட்டாரு. இப்ப நான் ஒருத்தன். ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு மாலு, ஒரு காலேஜு. கெட்டுப்போச்சுன்னு போன் வந்தா ஓடியாந்து பாக்கறனுங். கெடாததைப் பாக்க எனக்கு நேரமில்லீங்."

"அதை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்ல?"

"சொன்னனுங் சார். சித்திரை மாசம் உங்க ரூமுக்கு வந்து சொன்னனுங். நீங்க திரையப் பாத்துக்கிட்டே, 'எல்லாம் பச்சையாத்தான இருக்கு, போங்ணா' ன்னீங்."

எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை.

கோடுகள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டேன். குழந்தைவேல் கொடுத்தாராம். குழந்தைவேலுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை எழுத இன்று நேரமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

விடுமுறையிலும் போனேன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது மாடிகளில் தானாக எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் எத்தனை பேர் என்று நர்சுகளிடம் கேட்டு எண்ணினேன். 43. சும்மா ஒரு தகவலுக்காக.

பழைய மின்னஞ்சல் ஒன்றைத் தேடினேன். கிடைத்தது. மூடிவிட்டேன்.

சித்திரை மாதம் அவர் வந்தது நினைவிருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

பம்பு அறைச் சாவி பழனாத்தாக்காவிடம்தான் இருந்தது. எஞ்சினீயரிடம் இல்லை, ஒப்பந்ததாரரிடம் இல்லை. விளக்குமாறுகளை அங்கே வைக்கிறாராம்.

அங்கே இரண்டு பம்புகள். ஒன்று மின்சாரத்தில் ஓடும். தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். அப்போது தானாகக் கிளம்பித் தண்ணீர் ஏற்ற வேண்டியது டீசல் பம்பு. அதாவது அந்த 43 பேருக்கும் இருப்பது அது ஒன்றுதான்.

டீசல் பம்பின் பக்கவாட்டில் ஸ்டிக்கர். அதில் சந்தனம். ஸ்டிக்கருக்குக் கீழே, பெல்ட் பட்டையை மறைக்கும் மூடியின் மேல், இன்னொரு பொட்டு. கறுத்து, வெடித்து, விளிம்பு உரிந்து.

"இது என்னக்கா?"

"போன வருசத்துதுங். ஆளுக வந்து மூடியக் கழட்டித் தொடச்சிருந்தா போயிருக்கும். கரண்டு பம்புல பாருங், அதுலயும் கெடக்குது."

"ஒரு வருஷமா யாரும் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இதுல என்னங் தெரியறதுக்கு இருக்குது? பொட்டு அப்படியே கெடந்தா ஆளு வரலீனு அர்த்தம். நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங். நீங்கதான் டிவியப் பாத்துட்டு இருக்கறீங்."

டீசல் பம்பின் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி அமுக்கினேன். அதுவும் இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். பத்மநாபன் சார் நிதானமாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"யார் லாகின்?"

"சென்னியப்பன்."

"முடிஞ்சது. அந்த ஆள் ஏமாத்திட்டான்னு ஒரு லெட்டர் அடிங்க. பாஸை ரத்து பண்ணிடலாம். டிக்கெட் எல்லாம் மூடினபடியே இருக்கட்டும். சான்று கைக்கு வந்ததும் ஒண்ணொண்ணா சரி பண்ணிக்கலாம்."

"பம்பு ஓடலை சார்."

"இத்தனை வருஷத்துல என்னைக்காவது தீப்பிடிச்சிருக்கா கபிலன்?"

"பிடிக்கிற அன்னைக்குத்தான் சார் பம்பு வேணும்."

"மூணு நாள். மூணே நாள் வாயை மூடிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்களுக்கும் நல்லது. அந்தக் கோடு எல்லாம் வெளியில எப்படிப் போச்சுன்னு யாராவது கேட்டா உங்களுக்குத்தானே சங்கடம்?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் அக்டோபர் 24. ஜெனரேட்டர் சூட்டில் ஸ்டிக்கர் உரிந்து விழுந்துவிட்டது, நானே அச்சடித்து ஒட்டிக்கொள்கிறேன், அந்த ஒன்றை அனுப்புங்கள் என்று குழந்தைவேல் கேட்டார். 212 கோடும் ஒரே கோப்பில் இருந்தன. ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க இரண்டு நிமிடம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. முழுக் கோப்பையும் அனுப்பினேன். கூடவே, "இனி சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று ஒரு வரி.

செய்யவில்லை. அந்த நவம்பரிலிருந்து அவர் என்னை எதற்கும் தொந்தரவு செய்யவில்லை. பன்னிரண்டு மாதம், 38 இயந்திரம். எல்லாம் பச்சை. அதைப் பார்த்து நான் என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பழைய பேரேட்டில் பொய்க் கையெழுத்துப் போட ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். நான் அதை டீ ஆறுவதற்குள் முடிகிற வேலையாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

காலை 11 மணிக்கு மென்பொருளில் போய் அந்த 456 டிக்கெட்டையும் மறுபடி திறந்தேன். மூடிய டிக்கெட்டைத் திறக்கலாம் என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. காரணம் கேட்டது. "இயந்திரத்தை யாரும் பார்க்கவில்லை" என்று எழுதினேன். திறந்தவர்: கபிலன். ஒவ்வொன்றிலும் பெயர் விழுந்தது. 98.6 என்பது 80.7 ஆனது. நிர்வாகப் பிரிவின் வரவேற்பில் மாட்டியிருக்கும் டிவியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பானது. மற்ற 174 இயந்திரங்களின் லட்சணத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பிறகு நிர்வாக இயக்குநரான பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம். நகல் மேலாளருக்கு, நகல் குழந்தைவேலுக்கு. கோப்பை அனுப்பியது நான். சென்னியப்பன் சொன்னபோது கேட்காதது நான். ஐந்து பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியது குழந்தைவேல். பம்பு ஓடவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.

நோட்டில் எழுதிவிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

காலையில் சென்னியப்பன் அண்ணன் ஒரு புது பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குழந்தைவேல் அனுப்பினாரா?"

"இல்லீங். அவரு போகாதீனு சொன்னாரு. அதான் வந்தனுங்."

இரண்டு பேரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினோம். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. பட்டை விரிசல் விட்டிருந்தது. கல்லூரியை விட்டபிறகு நான் ஸ்பானர் பிடித்தது இன்றுதான். முதல் நட்டை எதிர்ப்பக்கமாகத் திருகினேன்.

"சார், அக்கட்டால திருப்புங்" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நடுவில் குழந்தைவேலிடமிருந்து எனக்குப் போன் வந்தது. 'தம்பி' எல்லாம் போய்விட்டது. "டேய், உன்னை உள்ளூர்ல எவன் வேலைக்கு வெப்பான்னு பாக்கறன்டா."

"நல்லாப் பாருங்க. பாத்துட்டு ஒரு டிக்கெட் போடுங்க" என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்குப் பம்பு கிளம்பியது. கரும்புகை, அறை முழுக்க இடி மாதிரிச் சத்தம். மொட்டை மாடிக் குழாயைத் திறந்து பார்க்கப் பழனாத்தாக்காவை நிறுத்தியிருந்தேன். போனில் ஒரே அலறல். "நிறுத்துங் சார்! காயப்போட்ட மாப்பு பூரா நனைஞ்சுபோச்சு, நானும் நனைஞ்சுட்டன்!" எட்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். "பம்புதான் ஓடிடுச்சே. இப்ப அந்த டிக்கெட் எல்லாத்தையும் மூடிடுங்க."

"ஓடினது ஒண்ணு சார். நேத்து வரைக்கும் அதுவும் ஓடலை."

அக்டோபர் 9, வியாழன்

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு பெண் டாக்டர், குட்டையான உருவம், கீச்சுக் குரல். வரவேற்பிலேயே டிவி முன்னால் நின்றுவிட்டார்.

"இது ஏன் சிவப்பா இருக்கு?"

"சாப்ட்வேர்ல சின்னக் கோளாறு மேடம்" என்றார் பத்மநாபன் சார்.

"சாப்ட்வேர்ல கோளாறு இல்லை மேடம்" என்றேன். "நான்தான் திறந்தேன். வேலை நடக்காமலே மூடியிருக்கு. அதுக்கு வழி செஞ்சு கொடுத்ததும் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு வழக்கமா எல்லாரும் பச்சையைத்தான் காட்டுவாங்க. பம்பைக் காட்டுங்க."

காட்டினேன். ஓடியது. மீதி 37இல் ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார். இரண்டு தேறவில்லை. சான்று நிறுத்திவைப்பு. நாற்பத்தைந்து நாள் கழித்து மறு ஆய்வு. வாசல்வரை போன மேலாளர், திரும்பி வரும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. காரணம்: நிறுவனத்தின் கோப்பை வெளியாருக்கு அனுப்பியது. ஆதாரம்: நானே எழுதிய கடிதம். 27ஆம் தேதி விசாரணை. சென்னியப்பன் பெயர் அதில் எங்கும் இல்லை. எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட இனி முடியாது. அது போதும்.

பத்மநாபன் சார் உத்தரவை நீட்டிக்கொண்டே, "அஞ்சு மணிவரைக்கும் உங்க லாகின் இருக்கு. போறதுக்கு முன்னாடி அந்த 456ஐ மூடிட்டுப் போங்க" என்றார்.

"உங்களுக்கும் லாகின் இருக்கே சார். நீங்களே மூடலாம். மூடினவர் பேர் விழும், அவ்வளவுதான்."

அவர் டிவியைப் பார்த்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மணி நாலரை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலையில் பழனாத்தாக்கா போன் செய்தார். வாழ்த்தெல்லாம் இல்லை.

"சார், இது நல்லா இருக்குதுங்களா? மறுபடி பாக்க வர்றாங்கன்னு பம்பு ரூமுக்குப் புதுசா மூணு ஆளுக வந்தானுக, சென்னியப்பன் கூட. மூடியக் கழட்டி, எண்ணெய் போட்டு, என்ற பொட்ட பூராத் தொடைச்சுப்போட்டானுக. போன வருசத்தையும் காணோம், இந்த வருசத்தையும் காணோம்!"

"ஒண்ணுமே இல்லையா?"

"சுத்தமாத் தொடைச்சிருக்கானுங். மாடி ஏசிலயும் இல்லீங்."

நோட்டை எடுத்து, 'ஆள் வந்திருக்கிறார்கள்' என்று எழுதிக்கொண்டேன். பிறகு டிவியைப் பற்றிக் கேட்டேன்.

"அது செவப்பாத்தானுங் இருக்குது. மேனேஜரு தெனமும் வந்து நின்னு பாத்துட்டுப் போறாரு. ஒருத்தரும் தொடறதில்ல. ஏனுங் சார், நீங்க எப்பத் திரும்ப வர்றீங்?"

"27ஆம் தேதி விசாரணைக்கா. என்ன சொல்வாங்கன்னு தெரியலை."

"நீங்க என்ன சொல்லுவீங்?"

"அதே லெட்டரை இன்னொரு தடவை படிப்பேன்."

"வாய் மட்டும் கொறையாது" என்றார். "வராட்டியும் போங். அடுத்த வருசம் பொட்டு எங்கீங்க வெக்கட்டும்?"

"அதே மூணு கட்டத்துலக்கா. ஒண்ணுகூட விட்டுறாதீங்க."